மயங்கிக் கிடக்கும் நண்பனுக்காக 108-ஐ அழைத்தால் வழக்கு நம்மேல் வருமா?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, நான்கு பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அறைத்தோழர் ஒருவர் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு, எழுப்பியும் எழாமல் கிடந்திருக்கிறார். ஒருவர் 108-ஐ அழைக்கக் கைபேசியை எடுத்தபோது, மற்றொருவர் “போலீஸ் வந்தா நாலு பேரும் உள்ளதான் போகோணும்” என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். முகத்தில் தண்ணீர் அடித்து, தோளில் தாங்கி நடக்கவைத்து, விடியும்வரை காத்திருந்ததில் அவர் எப்படியோ கண் விழித்துவிட்டார். அன்று அழைத்திருந்தால் எங்கள்மேல் வழக்கு வந்திருக்குமா, வெளிநாடுகளில் அழைப்பவரைக் காக்கும் சட்டம் உண்டு என்கிறார்களே, அது இங்கும் உண்டா என்பது கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அழைப்பவரைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறதா என்பது ஒன்று. இல்லையென்றால் அழைப்பது ஆபத்தா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை, இல்லை. இரண்டாவதற்கு விடை, நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு இல்லை. அழைக்காமல் இருப்பதில்தான் உயிருக்கும் சட்டத்துக்கும் பெரிய ஆபத்து இருக்கிறது. முதலாவது ‘இல்லை’ என்பதைக் கேட்டவுடன் பலரும் இரண்டாவதற்குக் காது கொடுப்பதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கோவை நீதிமன்றங்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞன். போதைப்பொருள் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரோடு மருத்துவமனை வராந்தாக்களில் உட்கார்ந்தும் இருக்கிறேன். மருத்துவம் எனக்குத் தொழில் அன்று. அதுபற்றி இங்கே சொல்பவை அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. சட்டம் பற்றிச் சொல்பவை பொதுவான விளக்கங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்குமானால் அதன் தாள்களைப் பார்க்காமல் எவரும் சரியான ஆலோசனை சொல்ல முடியாது.

நீங்கள் கேள்விப்பட்ட வெளிநாட்டுச் சட்டம் உண்மையானதுதான். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-இல் முதன்முதலாக இப்படியொரு சட்டத்தை இயற்றியது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களில் மிகப் பெரும்பாலானவை தங்களுக்கும் இயற்றிக்கொண்டன. கனடாவில் 2017 மே 4 முதல் நாடு முழுவதற்குமான சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அளவுக்கு மீறிப் போதை ஏறியவருக்காக உதவி கேட்டு அழைப்பவர், அந்த இடத்தில் உடன் இருப்பவர், பாதிக்கப்பட்டவர் ஆகிய மூவர்மீதும், வெறுமனே போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்காக வழக்குத் தொடரக் கூடாது என்பது கனடாச் சட்டத்தின் சாரம். விற்றவருக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. அளவு மீறிச் சாகிறவர்களில் பலர் தனியாகச் சாவதில்லை, பக்கத்தில் ஆள் இருந்தும் பயத்தால் கைபேசியை எடுக்காமலே சாகிறார்கள் என்பதுதான் அந்தச் சட்டங்களுக்கு அடிப்படை. திருப்பூர் அறையில் அன்று இரவு நடந்ததும் அதுவேதான்.

நம் நாட்டில் இதற்கு இணையான பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அரசு மருத்துவமனைச் சுவர்களில், அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரிடம் போலீஸ் கேள்வி கேட்காது, பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தாது என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, அது எல்லோருக்கும் பொருந்தும் என்று பலர் நம்புகிறார்கள். அது சாலை விபத்துக்கு மட்டும் உரியது. மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் கட்டாயமாக்கியது. பிறகு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாத்தது. தமிழ்நாட்டின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டமும் சாலை விபத்துக்கானதே. அவிநாசி ரோட்டில் லாரி மோதிக் கிடப்பவரைத் தூக்கி வருகிறவருக்கு இருக்கும் எழுத்துபூர்வமான பாதுகாப்பு, அறைக்குள் ஊசி போட்டு மயங்கியவரைத் தூக்கி வருகிறவருக்கு இல்லை. இரண்டு உயிருக்கும் ஒரே மதிப்புதான் என்று நம்புகிற எனக்கு இது வருத்தம் தருகிறது. ஆனாலும் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எந்தக் குற்றத்துக்கு அஞ்ச வேண்டும் என்று பார்ப்போம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை நீதிமன்றத்தில் என்.டி.பி.எஸ். என்றே சொல்வோம். அதன் 27-ஆவது பிரிவு உட்கொள்வதைக் குற்றமாக்குகிறது. ஹெராயின், மார்ஃபின், கொக்கைன் போன்றவை என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மற்றவை என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சிறு அளவு கைவசம் வைத்திருந்தாலும் ஏறக்குறைய இதே தண்டனைதான். சிறு அளவு என்பது கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை, ஹெராயினுக்கு ஐந்து கிராம் வரை, மெத்தபெட்டமைனுக்கு இரண்டு கிராம் வரை. பத்தாண்டு, இருபதாண்டு என்று செய்தித்தாளில் படிக்கிற தண்டனைகள் வணிக அளவுக்கும் கடத்தலுக்கும் உரியவை. உட்கொண்டவரின் வழக்கு, சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகாமல் மாஜிஸ்திரேட் முன்னால் சுருக்க விசாரணையாக முடியக்கூடியது. இந்தக் குற்றம் பிணையில் விடத்தக்கதா என்பதில் உயர் நீதிமன்றங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மும்பை உயர் நீதிமன்றத்திலேயே 2010-இல் ஒருவிதமாகவும் 2020-இல் வேறுவிதமாகவும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. இங்கே நான் கண்டவரையில், சிறு அளவு வழக்குகளில் காவல் நிலையத்திலேயே பிணை கொடுத்து அனுப்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இப்போது அறையில் இருந்த நீங்கள். உட்கொள்ளாத, வாங்காத, கொடுக்காத ஒருவர், உட்கொண்டவரோடு ஒரே கூரையின்கீழ் இருந்ததே குற்றம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. உங்களுக்குத் தொல்லை வரக்கூடிய பிரிவுகள் இரண்டு: தன் பொறுப்பிலுள்ள இடத்தைத் தெரிந்தே குற்றத்துக்குப் பயன்பட அனுமதிப்பதைத் தண்டிக்கும் 25-ஆவது பிரிவும், உடந்தையைத் தண்டிக்கும் 29-ஆவது பிரிவும். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்து, வாராவாரம் அங்கே ஊசி போடப்பட்டு வந்தது என்றால் 25-ஐப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். அடைக்கலம் கொடுத்தால் பத்தாண்டு என்று யாரோ உங்களிடம் சொன்னது 27ஏ பிரிவை; அது கடத்தலில் ஈடுபடுவோருக்குப் பணம் கொடுப்பதையும் அவர்களுக்கு ஒளிவிடம் தருவதையும் பற்றியது. மயங்கிய நண்பனைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நண்பர் உட்கொண்டதைத் தெரிந்துகொண்டும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருந்தால் குற்றமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொதுமக்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய குற்றங்களின் பட்டியல் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 33-ஆவது பிரிவில் இருக்கிறது. போதைப்பொருள் உட்கொள்வது அதில் இல்லை.

உங்கள் நண்பர் உட்கொண்டது எது என்பதும் முக்கியம். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இளைஞர்கள் கரைத்து ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் டேபென்டடால் என்கிற வலி நிவாரண மாத்திரை. இதே வகையைச் சேர்ந்த டிராமடால் 2018 ஏப்ரலில் என்.டி.பி.எஸ். பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டது. டேபென்டடால் அந்தப் பட்டியலுக்கு வெளியிலேயே இருந்துவந்திருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்பதும் உரிமம் இல்லாமல் விற்பதும் 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படி குற்றம், ஆனால் அந்தச் சட்டம் விற்பவரையும் விற்பனைக்காக இருப்பு வைப்பவரையும் பிடிக்கிறதே தவிர, வாங்கி உட்கொண்டவரைப் பிடிப்பதில்லை. பட்டியலில் இல்லாத மருந்துக்கு 27-ஆவது பிரிவும் பொருந்தாது. பட்டியல் ஓர் அரசு அறிவிக்கையால் எந்த நாளும் மாறலாம் என்பதால், வழக்கு என்று வரும் நாளில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்தே எவரும் வாதிட முடியும். நான்கு பேரும் ஓர் இரவு முழுவதும் அஞ்சிய குற்றம் அங்கே நடக்கவே இல்லாமலும் இருந்திருக்கலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி மருத்துவமனை வாசல். எந்த மருத்துவரும், அரசு ஆனாலும் தனியார் ஆனாலும், உயிருக்குப் போராடுகிறவரைப் போலீஸ் வரட்டும் என்று காக்கவைக்கக் கூடாது என்று 1989-இல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலில் சிகிச்சை, சடங்கெல்லாம் பிறகு. ஆனால் அந்தச் சடங்கு நடக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன். விஷம், அளவு மீறிய மருந்து என்று சந்தேகப்பட்டால் மருத்துவ சட்ட வழக்காகப் பதிவுசெய்வார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் அதை ஏ.ஆர். என்பார்கள், விபத்துப் பதிவேட்டில் போடும் பதிவு. யார் கூட்டிவந்தார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன நடந்ததாகச் சொன்னார் என்று நான்கைந்து வரி எழுதி, வளாகத்திலுள்ள புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பார்கள். அந்தப் பதிவு முதல் தகவல் அறிக்கை ஆகாது. அதில் உங்கள் பெயர் இருந்தால், கூட்டிவந்தவர் இவர் என்று பொருளே தவிர, குற்றவாளி இவர் என்று பொருளில்லை.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் அது நமக்கு எதிராகத் திரும்புமா என்பது நியாயமான சந்தேகம். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு மருத்துவரிடம் சொல்வதற்கு அதே அளவில் இல்லை. இரகசியம் காக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும், போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்பதற்குள் சேர்த்து, அதற்கான சிகிச்சை விவரங்கள் வெளியே போகக் கூடாது என்கிறது. ஆயினும் நீதிமன்றம் அழைத்துக் கேட்டால் மருத்துவர் சொல்ல நேரிடலாம். இதைத் தெரிந்துகொண்டும் நான் சொல்வது: என்ன மாத்திரை, எத்தனை, எப்போது, அதோடு மது குடித்தாரா என்ற நான்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அட்டை கிடைத்தால் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுபோய் மருத்துவரின் கையில் கொடுங்கள். யார் வாங்கினார், யாரிடம் வாங்கினார் என்பது சிகிச்சைக்குத் தேவைப்படாத விவரம். அதை அங்கே சொல்ல வேண்டியதும் இல்லை.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பழைய தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் மகனின் ஆதார் அட்டையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும். மகனுக்கும் அவன் நண்பர்கள் இருவருக்கும் நடந்தது இது: ஒருவன் மயங்கியதும், குறட்டை விடுகிறான், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று மூன்று மணி நேரம் விட்டிருக்கிறார்கள். குறட்டை நின்றபோது பயந்துபோய், பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், வாசல் பெஞ்சில் சாய்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். உள்ளே இருந்த மருத்துவருக்குப் பெயர் தெரியாத ஓர் இளைஞனின் உடல் கிடைத்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. சர்க்கரை குறைந்ததா, பாம்பு கடித்ததா, தலையில் அடியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரும்போது நேரம் போய்விட்டது. மூன்றாம் நாள் அவன் இறந்துபோனான். கண்காணிப்புக் கேமராவில் பைக்கின் எண் பதிவாகியிருந்தது. காவல்துறையினர் அந்தப் பையன்களிடம் ஏன் குடித்தீர்கள், ஏன் ஊசி போட்டீர்கள் என்று கேட்டதைவிட, ஏன் ஓடினீர்கள் என்று கேட்டதுதான் அதிகம். ஊசியைச் சாக்கடையில் வீசியவன்மேல் சாட்சியத்தை மறைத்த பிரிவும் சேர்ந்தது. அந்தத் தாயின் மகன் எதையும் வாங்கவில்லை, யாருக்கும் போட்டுவிடவும் இல்லை. அதை நிறுவுவதற்கு எங்களுக்கு எத்தனையோ வாய்தாக்கள் ஆயின. உடன் நின்றிருந்தால் அவன் முதல் நாளே சாட்சியாகியிருப்பான்.

மற்றொரு முறை, இரவு பதினொன்றரை மணிக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. தெரிந்த ஒருவரின் தங்கை மகன். “மாமா, ஃப்ரெண்டக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கறனுங்க, போலீஸ்காரரு பேரு, அட்ரஸ் கேக்கறாருங்க, சொல்றதுங்களா வேண்டாங்களா?” என்றான். சொல் என்றேன். மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்திருந்தான். இந்த வகை மாத்திரையின் வேகத்தை முறிக்கும் நாலக்ஸோன் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் நண்பன் மூச்சு சீராகிவிட்டது. காவலர் பெயரையும் முகவரியையும், எத்தனை மணிக்குப் பார்த்தாய், யார் ஆம்புலன்ஸை அழைத்தது என்பதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை. எல்லா இடத்திலும் இப்படியே நடக்கும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். கடுமையாகப் பேசும் அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன், வழக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய மாதத்தில் உட்கொண்டவனையே பிடித்து வழக்குப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அழைத்தவர் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவர் சிறைக்குப் போனதை இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை.

காவலர் கேட்கும்போது எதைச் சொல்வது என்பதில் உங்களுக்கு எல்லை உண்டு. பெயர், முகவரி, உங்கள் கண்ணால் பார்த்தது ஆகியவற்றை உண்மையாகச் சொல்லுங்கள். பொய்ப் பெயர் கொடுப்பது நிலைமையைக் கெடுக்கும். அதே சமயம், விசாரணையில் கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கூறும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 180-ஆவது பிரிவே, உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விகளை அதிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 20(3) தரும் உரிமை அது. ஆகவே ‘நீயும் போட்டாயா’ என்ற கேள்விக்கு, என் வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்வது குற்றமாகாது. விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டியதில்லை என்று 181-ஆவது பிரிவு சொல்கிறது. வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல், ஆஜராகும்படி அறிவிப்பு கொடுப்பதே முறை என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. புதிய சட்டத்தில் அது 35(3). வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அவர்களின் அலுவலகம் இருக்கிறது.

ஆபத்து உண்மையாகவே இருக்கும் நிலைகளையும் சொல்ல வேண்டும். நான்கு பேர் காசு போட்டு ஒருவர் வாங்கிவந்தால், அந்த ஒருவரை விநியோகித்தவராகக் காட்ட இடமிருக்கிறது. நண்பனுக்குக் கை நடுங்குகிறது என்று நீங்கள் ஊசியைப் பிடித்து ஏற்றிவிட்டு அவர் இறந்துபோனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு, சூழலைப் பொறுத்து அதைவிடக் கடுமையானதும், வரக்கூடும். பதினெட்டு வயது நிறையாதவருக்குக் கொடுத்திருந்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் ஏழாண்டு வரை தண்டனை. இந்த நிலைகளில் இருப்பவரும் அழைக்கத்தான் வேண்டும். அவர் மருத்துவரிடம் மருந்தின் விவரத்தைச் சொல்லிவிட்டு, காவலரிடம் வாய் திறப்பதற்கு முன் வழக்கறிஞரிடம் பேச வேண்டும். நண்பர் பிழைத்துவிட்டால் மேலே சொன்ன மரணப் பிரிவு எழவே எழாது என்பதை யோசித்துப் பாருங்கள். நேரத்துக்கு வந்து சேரும் ஆம்புலன்ஸைவிட நல்ல எதிர்வாதம் ஒரு வழக்கறிஞரிடம் கிடையாது. நெஞ்சை அழுத்தி மூச்சூட்டும்போது விலா எலும்பு முறிந்தால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்பதுண்டு. சம்மதம் கேட்க முடியாத நிலையில் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்று அதே சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு காக்கிறது. வேண்டுமென்றே அதிகமாகப் போட்டுக்கொண்டாரோ என்ற சந்தேகம் இருந்தாலும் மறைக்க வேண்டாம். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-ஆவது பிரிவும் புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

உங்கள் அறையில் அன்று செய்ததைப் பற்றி மருத்துவர்கள் எனக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். இந்த வகை மாத்திரைகள் மூச்சு விடும் உணர்வையே மழுங்கடிக்கின்றன. கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்குவது, உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்வது, மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீள்வது, தொண்டையில் குமிழியிடுவதுபோல் குறட்டை வருவது இவையெல்லாம் தூக்கத்தின் அறிகுறிகள் அல்ல. அந்த நேரத்தில் மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் என்று எதை வாயில் ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடும். நடக்கவைப்பதும் குளிப்பாட்டுவதும் நேரத்தைத் தின்னும் வேலைகள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, ‘மூச்சு சரியாக இல்லை, எழுப்பினால் எழவில்லை’ என்று சொன்னால் போதும். வண்டி வருவதற்கு அதற்குமேல் எந்த வாக்குமூலமும் தேவையில்லை. மூச்சே இல்லையென்றால் எதிர்முனையில் பேசுபவர் சொல்லச் சொல்ல மூச்சூட்டவும் நெஞ்சை அழுத்தவும் தொடங்க வேண்டும். நாலக்ஸோன் போட்டவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று உடனே அழைத்து வந்துவிடவும் கூடாது. அந்த மருந்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வேகம் குறைந்துவிடும். உடலில் மிச்சமிருக்கும் மாத்திரை அதற்குப் பிறகும் வேலை செய்யும். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்து, வழியிலேயே மறுபடி மயங்கிய பிள்ளைகள் உண்டு.

நடந்தது நடந்துவிட்டது, உங்கள் நண்பர் உயிரோடு இருக்கிறார். இப்போது அவருக்குச் சட்டத்தில் இருக்கும் முக்கியமான கதவு என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு. அடிமையானவர் ஒருவர்மேல் 27-ஆவது பிரிவிலோ சிறு அளவு குற்றத்திலோ வழக்கு இருந்து, அவர் தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் போதை மீட்பு சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்குத் தொடர முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிக்கப்படலாம். 2001-இல் ஒரு கிராம் கொக்கைன் வாங்க முயன்றதாகக் கைதான மும்பை நடிகர் ஒருவருக்கு, அரசு சார்ந்த மருத்துவமனையில் சிகிச்சை முடித்ததைக் காட்டியபின் 2012-இல் சிறப்பு நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. இந்தக் கதவு குறுகியது என்பதையும் சொல்ல வேண்டும். அடிமையானவர் என்றால் அந்தப் பொருளைச் சார்ந்தே வாழ்பவர் என்று சட்டம் வரையறுப்பதால், முதல்முறை போட்டுப் பார்த்து விழுந்தவருக்கு இது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர் காத்ததை மட்டும் போதை மீட்பு சிகிச்சை என்று ஏற்பார்களா என்பதும் அப்படியே. கூட இருந்து அழைத்த உங்களுக்கு இந்தப் பிரிவு ஒன்றுமே தருவதில்லை. கனடாச் சட்டம் மூடியிருக்கும் ஓட்டை இதுதான். நம் நாடாளுமன்றமும் மூட வேண்டும் என்று நான் விரும்புகிறேன், ஆனால் அதுவரை ஒருவர் கையிலிருக்கும் கைபேசியை இன்னொருவர் பிடுங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

அவர்மேல் வழக்கு இல்லாதபோதே சிகிச்சைக்குப் போவது எல்லாவற்றிலும் நல்லது. 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 மனநல ஆலோசனைக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு நேரடியாகப் போகலாம். தமிழக அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் 2025-இல் தொடங்கப்பட்டிருக்கின்றன. தனியார் மறுவாழ்வு மையம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவுபெற்ற சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் சேர்க்காதீர்கள். பதிவில்லாத இடத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாலும் 64ஏ-க்கு அது கணக்கில் வராது. சேர்ந்த நாள், கண்டறிந்த நோய், சிகிச்சை முடிந்த நாள் மூன்றும் மருத்துவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அவருடைய வீட்டில் கொடுத்துவையுங்கள். அறை மாறும்போது தொலைவது பெரும்பாலும் அந்தத் தாள்தான்.